வாரண்டி வேலையில் சந்தேகமா? அதே டீலர், வேறு டீலர், கம்பெனி, வெளி மெக்கானிக்: எப்போது யாரிடம் போகலாம்

வாரண்டியில் செய்த வேலையைப் பற்றிக் கேள்வி கேட்கப் பலருக்கும் ஒரு கூச்சம் உண்டு. காசு வாங்காமல் செய்து கொடுத்திருக்கிறார்கள், இதில் போய் எப்படிக் குறை சொல்வது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கூச்சம் தேவையே இல்லை. வாரண்டிக்கான செலவு வண்டியின் விலையிலேயே அடங்கியிருக்கிறது. டீலரும் அந்த வேலைக்குத் தயாரிப்பு நிறுவனத்திடம் பணம் வாங்கிக்கொள்கிறார். ஆக, நீங்கள் முன்கூட்டியே பணம் கட்டிவிட்ட வேலை அது.

சரி, கேட்கலாம். யாரிடம் கேட்பது? அதே சர்வீஸ் சென்டருக்குத் திரும்பப் போவதா, அதே கம்பெனியின் வேறு டீலரிடம் காட்டுவதா, நேராகக் கம்பெனிக்கே எழுதுவதா, நம்பிக்கையான வெளி மெக்கானிக்கைக் கூப்பிடுவதா, இல்லை வழக்குதானா? இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. வந்திருப்பது எந்த வகைச் சந்தேகம் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சந்தேகத்தில் நான்கு வகை

முதல் வகை, வேலையைச் செய்யாமலே செய்ததாக எழுதிவிட்டார்களோ என்பது. இரண்டாவது, செய்தார்கள், ஆனால் உருப்படியாகச் செய்யவில்லை என்பது. பழைய சத்தம் ஒரு வாரத்தில் திரும்பி வரும், அல்லது டாஷ்போர்டைக் கழற்றி மாட்டிய பிறகு அதுவரை இல்லாத கிரீச் சத்தம் புதிதாகக் கிளம்பும். மூன்றாவது, குறையே இல்லை என்று அனுப்பிவிடுவது. “கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தோம் சார், ஒண்ணும் காட்டல”, “இந்த மாடலுக்கே இப்படித்தான் மேடம்” என்பவை இந்த வகைக்கான நிரந்தர வசனங்கள். நான்காவது, குறை இருக்கிறது, ஆனால் வாரண்டியில் வராது என்பது. தேய்மானம், ஓட்டும் விதம், வெளியில் மாட்டிய பாகம் என்று ஏதாவது ஒரு காரணம் சொல்வார்கள்.

முதல் இரண்டும் வேலை செய்த டீலரோடு தீர்க்க வேண்டியவை. மூன்றாவதற்கு வேறு டீலரின் பார்வை உதவும். நான்காவதில் முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் டீலருக்கு மேலே இருக்கிறது. இதைக் குழப்பிக்கொண்டு, சரியாக முடுக்காத போல்ட்டுக்காகக் கம்பெனி தலைமை அலுவலகத்துக்கு ஐந்து பக்க மின்னஞ்சல் எழுதுகிறவர்களும் உண்டு, கம்பெனி மட்டுமே சம்மதிக்கக்கூடிய கியர்பாக்ஸ் மாற்றத்துக்காக முன்மேசையில் இருக்கும் பையனிடம் மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்களும் உண்டு.

பணம் எப்படிப் போகிறது என்று தெரிந்தால்

ஒவ்வொரு வாரண்டி வேலைக்கும் இவ்வளவு நேரம்தான் ஆகும் என்று தயாரிப்பு நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கும். டீலருக்கு அந்த நேரத்துக்குத்தான் கூலி. உண்மையில் இரண்டு மடங்கு நேரம் ஆனாலும் அதே கூலிதான் வரும். வேலைக் கணக்கில் சம்பளம் வாங்கும் டெக்னீஷியனாக இருந்தால் அந்த நஷ்டம் அவர் தலையில் விடியும். அதிலும் குறையைத் தேடிக் கண்டுபிடிக்கும் நேரத்துக்குக் கூலி குறைவு, சில சமயம் இல்லவே இல்லை. எப்போதாவது வரும் ஒரு சத்தத்தைத் தேடி அரை நாள் செலவழித்தால் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. “குறை தென்படவில்லை” என்று எழுதி வண்டியை வெளியே விடுவதுதான் அவருக்கு லாபம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. டீலர் அனுப்பும் வாரண்டி கணக்குகளைக் கம்பெனி தணிக்கை செய்யும். புகார் என்ன, காரணம் என்ன, என்ன செய்து சரிசெய்தார்கள் என்ற மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் சரியான ஆதாரம் இல்லாமல் பெரிய பாகத்தை மாற்ற டீலர் பயப்படுகிறார். அவர் உங்களை ஏமாற்றத்தான் தயங்குகிறார் என்று நினைக்க வேண்டியதில்லை, நாளைக்குத் தன் கைக்காசு போய்விடுமோ என்ற கவலையாகவும் இருக்கலாம். அந்தக் கவலையைப் போக்கும் ஆதாரத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

எந்த வழி என்றாலும் முதலில் காகிதம்

வண்டியை விடும்போது ஜாப் கார்டில், அதாவது உங்கள் புகாரையும் செய்ய வேண்டிய வேலையையும் பதியும் தாளில், என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். “முன்பக்கம் சத்தம்” என்று எழுதினால் போதாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா, என்ன வேகத்தில், எந்த கியரில், திருப்பும்போதா, பிரேக் பிடிக்கும்போதா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சர்வீஸ் அட்வைசர் சுருக்கி எழுதினால், முழு விவரத்தையும் நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அதில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளலாம், அல்லது அங்கேயே நின்று அவருக்கு மின்னஞ்சலாக அனுப்பிவிடலாம்.

ஓடோமீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் வரும் அதிர்வு என்று நீங்கள் புகார் சொல்லியிருக்க, வண்டி திரும்பி வரும்போது ஒரு கிலோமீட்டர்தான் கூடியிருக்கிறது என்றால், ஓட்டிப் பார்க்கவே இல்லை என்பது நிச்சயம். “டெஸ்ட் டிரைவில் குறை தென்படவில்லை” என்ற வரியோடு அந்தப் படத்தை வைத்துக் காட்டினால் அதற்கு மேல் வாக்குவாதமே தேவைப்படாது.

வாரண்டி வேலைக்கு பில் கிடையாது என்று சில இடங்களில் சொல்வார்கள். தொகை பூஜ்யமாக இருந்தாலும் பரவாயில்லை, செய்த வேலையும் மாற்றிய பாகத்தின் எண்ணும் தேதியும் கிலோமீட்டரும் உள்ள தாள் உங்கள் கையில் வர வேண்டும். இன்று பல “ரிப்பேர்கள்” வெறும் மென்பொருள் அப்டேட்தான். அப்படியானால் பழைய பதிப்பு எண் என்ன, புதியது என்ன என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால், வண்டியின் கணினி பதிந்து வைத்திருக்கும் குறைக் குறியீடுகளை, அதாவது கோடுகளை, போவதற்கு முன் அழித்துவிடாதீர்கள், பேட்டரியையும் கழற்ற வேண்டாம். குறை பதிவான நொடியில் எஞ்சின் வேகம், வெப்பம், வண்டியின் வேகம் எல்லாம் என்னவாக இருந்தன என்ற தகவலும் கோடோடு சேர்ந்து சேமிக்கப்பட்டிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களில், வண்டி தன் குறைகளைத் தானே பதிந்து வைக்கும் ஓபிடி 2 என்ற பொது முறை கட்டாயம், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல். அதனால் எந்தச் சாதாரண ஸ்கேனரிலும் கோடைப் படித்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பி 0300 என்றால் எஞ்சின் சிலிண்டர்களில் அங்கங்கே மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியாமை. பி 0420 என்றால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு. கோடு குறையின் அறிகுறியைத்தான் சொல்லும், எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. பி 0420 வந்ததும் கன்வெர்ட்டர் போச்சு என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு போக வேண்டாம்.

அதே டீலரிடம் திரும்பப் போவது

இரண்டாவது வகைச் சந்தேகத்துக்கு, அதாவது வேலை சரியில்லை என்பதற்கு, இதுதான் முதல் வழி. தான் செய்த வேலையைத் திரும்பச் செய்து கொடுக்கும் பொறுப்பு அந்த ஒர்க்‌ஷாப்புக்கு இருக்கிறது. வேறு டீலரிடம் போனால், முதல் டீலர் கழற்றி மாட்டியதில் வந்த கோளாறை நான் ஏன் சரிசெய்ய வேண்டும் என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் அதே அட்வைசரிடம் அதே பேச்சைத் திரும்பப் பேசிப் பயன் இல்லை. சர்வீஸ் மேனேஜரிடம் நேரம் கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: வேலை தெரிந்த டெக்னீஷியன் ஒருவர் என்னோடு வண்டியில் வர வேண்டும். நீங்கள் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். எந்தப் பாதையில், எந்த வேகத்தில் சத்தம் வரும் என்று உங்களுக்குத்தான் தெரியும். தனியாக ஓட்டினால் அந்த மேடு பள்ளத்தை அவர் தேடிப் போக மாட்டார். இது ஒன்றே தீர்த்து வைக்கும் புகார்கள் ஏராளம்.

“எல்லா வண்டிக்கும் இப்படித்தான்” என்று சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம். அதே மாடல், அதே எஞ்சின் உள்ள இன்னொரு வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டீலரிடம் டெமோ வண்டி இருக்கும். அதிலும் அதே சத்தம் வந்தால் அவர் சொன்னது உண்மை, நீங்களும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். வராவிட்டால் அவரே கேட்டுவிட்டார், இனி மறுக்க முடியாது. காட்ட மறுத்தால் அந்த மறுப்பையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

பாகத்தை மாற்றவே இல்லையோ என்ற முதல் வகைச் சந்தேகத்துக்குப் பழைய பாகத்தைக் காட்டச் சொல்வதே நேர்வழி. வாரண்டியில் கழற்றிய பாகத்தைக் கம்பெனி பரிசோதனைக்குத் திருப்பி அனுப்பச் சொல்லலாம் என்பதால், அதை வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆனால் கண்ணால் பார்க்கக் கேட்பதில் தவறில்லை. புதுப் பாகத்தில் தயாரிப்புத் தேதியோ ஸ்டிக்கரோ பெரும்பாலும் இருக்கும். போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கும். வெளியே தெரியும் பாகமாக இருந்தால் விடுவதற்கு முன்பே மார்க்கரால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிடுகிறவர்களும் உண்டு. கொஞ்சம் துப்பறிவாளர் வேலைதான், ஆனால் வேலை செய்கிறது. வண்டி தனக்குத்தானே செய்துகொள்ளும் பரிசோதனைகள் “முடியவில்லை” என்று ஸ்கேனரில் காட்டினால் சமீபத்தில் கோடுகளை அழித்திருக்கலாம். ஒழுங்காக ரிப்பேர் செய்தாலும் கடைசியில் கோடை அழிப்பது வழக்கம் என்பதால், இது மட்டும் குற்றத்துக்குச் சாட்சி ஆகாது.

அதே கம்பெனியின் வேறு டீலர்

இந்த வழியைத்தான் பலரும் மறந்துபோகிறார்கள். என் பார்வையில் மூன்றாவது வகைச் சந்தேகத்துக்கு, “குறையே இல்லை” என்று சொல்லும் இடத்தில், இதைவிடச் சிறந்தது இல்லை. வாரண்டி கொடுப்பது தயாரிப்பு நிறுவனம். பொதுவாக வண்டி வாங்கிய இடத்தில்தான் சர்வீஸ் செய்ய வேண்டும் என்று இருக்காது, அதே நாட்டில் உள்ள எந்த அங்கீகரிக்கப்பட்ட டீலரிடமும் போகலாம். வாரண்டி புத்தகத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

புது டீலருக்கு வீம்பு பிடிக்கக் காரணம் இல்லை. ஏற்கெனவே “இல்லை” என்று எழுதியவர் “இருக்கிறது” என்று மாற்றி எழுதுவது மனித இயல்புக்குக் கஷ்டம், புதியவருக்கு அந்தப் பாரம் கிடையாது. அங்கே போனதும் பழைய டீலரைத் திட்டி ஆரம்பிக்காதீர்கள். குறையை மட்டும் சொல்லுங்கள், அவராகவே கண்டுபிடிக்கட்டும். முந்தைய ரிப்பேர்கள் கம்பெனி கணினியில் அவருக்கும் தெரியலாம். தெரிந்தாலும் முதல் பேச்சாக அது இருக்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. அதே பாகத்தை அண்மையில் மாற்றியதாகப் பதிவு இருந்தால், மறுபடி அதே வேலைக்குக் கம்பெனி கேள்வி கேட்கும் என்பதால் இவரும் தயங்கலாம். சில ஊர்களில் இரண்டு ஷோரூமும் ஒரே முதலாளியுடையதாக இருக்கும், பலகை மட்டும் வேறு. போவதற்கு முன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்கு நேராக எழுதுவது

நான்காவது வகைக்கு, “வாரண்டியில் வராது” என்பதற்கு, கடைசியில் இங்கேதான் வந்தாக வேண்டும். முதலில் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்: என்ன குறை, எந்த நிபந்தனையின்படி மறுக்கிறீர்கள். வாயால் சுலபமாகச் சொன்ன காரணத்தைக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னால் பலர் பின்வாங்குவார்கள்.

ஓட்டும் விதம்தான் காரணம் என்று சொல்லி மறுத்தது எங்கே போய் முடிந்தது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வழக்கு இருக்கிறது. ஃபோர்டு நிறுவனத்தின் பவர்ஷிஃப்ட் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ள கார்கள் நடுங்குகின்றன என்று புகார் சொன்ன வாடிக்கையாளர்களிடம், நீங்கள் ஓட்டும் விதம்தான் அது என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். கியர்பாக்ஸில் பிரச்சினை இருப்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது. 2018-இல் அந்நாட்டின் ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. உங்களிடமும் யாராவது அதே காரணத்தைச் சொன்னால், அதற்கு ஆதாரமாக எந்த அளவீட்டைக் காட்டுகிறீர்கள் என்று கேளுங்கள்.

கம்பெனிக்கு எழுதினால் டீலரால் தர முடியாத மூன்று விஷயங்கள் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒன்று, கம்பெனியின் சொந்தத் தொழில்நுட்ப அதிகாரி நேரில் வந்து வண்டியைப் பார்ப்பது. இரண்டு, தெரிந்த குறைகளுக்காக டீலர்களுக்கு அனுப்பிய சர்வீஸ் சுற்றறிக்கை. அமெரிக்காவில் இவற்றைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தன் தளத்தில் வெளியிடுகிறது. வேறு நாட்டில் இருந்தாலும் உங்கள் எஞ்சினுக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா என்று அங்கே தேடிப் பார்க்கலாம். மூன்று, வாரண்டி நீட்டிப்பு. ஹூண்டாய், கியா நிறுவனங்களின் தீட்டா 2 எஞ்சின்களில் வந்த பிரச்சினைக்கு அமெரிக்காவில் 2019-இல் குறிப்பிட்ட மாடல்களுக்கு ஆயுட்கால வாரண்டி அறிவித்தார்கள். இப்படி ஏதாவது உங்கள் வண்டிக்கும் இருந்து, டீலர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

மின்னஞ்சல் சின்னதாக இருக்கட்டும். வண்டியின் சேஸிஸ் எண், ஜாப் கார்டு எண்கள், தேதிகள், கிலோமீட்டர், என்ன குறை, என்ன வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் எழுதுவதில்லை. “தக்க நடவடிக்கை எடுக்கவும்” என்று முடித்தால், டீலரைத் தொடர்புகொள்ளவும் என்று பதில் வந்து பழைய இடத்திலேயே நிற்பீர்கள். “உங்கள் தொழில்நுட்ப அதிகாரி முன்னிலையில் டெஸ்ட் டிரைவ் வேண்டும்” என்று குறிப்பாகக் கேளுங்கள். புகார் எண் வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள்.

வெளி மெக்கானிக்

பார்க்கச் சொல்லுங்கள், கழற்றச் சொல்லாதீர்கள். வாரண்டி காலத்தில் இவரால் ஆகும் உதவி அவ்வளவுதான். வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்து, ஸ்கேனர் போட்டு, “இடது முன் வீல் பேரிங்கில் சத்தம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது டீலரிடமும் கம்பெனியிடமும் பயன்படும் சாட்சி. அவரே பேரிங்கை மாற்றிவிட்டால் சாட்சியும் போயிற்று, வாரண்டியை மறுக்க ஒரு காரணமும் கிடைத்தாயிற்று.

வெளியில் ஆயில் மாற்றினாலே வாரண்டி செல்லாது என்று டீலர் பயமுறுத்துவது வேறு கதை. அமெரிக்காவின் 1975 மேக்னுசன்-மாஸ் சட்டப்படி, கம்பெனியின் பாகத்தையோ சர்வீஸையோ காசு கொடுத்துப் பயன்படுத்தினால்தான் வாரண்டி என்று கட்டாயப்படுத்துவது பொதுவாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. வாரண்டி புத்தகத்தின் நிபந்தனைப் பக்கத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

சட்டம், வண்டியைத் திருப்பிக் கொடுப்பது

இதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும். ஆனால் வண்டி புதிது என்றால் நாள் கணக்கு முக்கியம் என்பதால் ஆரம்பத்திலேயே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பிரிட்டனில் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, டீலரிடம் வாங்கிய வண்டியில் குறை இருந்தால் முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்குப் பிறகு ஒருமுறை சரிசெய்ய வாய்ப்புத் தர வேண்டும், அதிலும் தீராவிட்டால் மறுபடி திருப்பிக் கொடுக்கும் உரிமை வருகிறது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் வந்த சட்டத்தின் கீழ், 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை வாங்கும்போதே இருந்தது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. அமெரிக்க மாநிலங்களில் “லெமன் சட்டம்” என்ற பெயரில் இருப்பவை, நியாயமான எண்ணிக்கையில் முயன்றும் தீராத குறைக்கு மாற்று வண்டியோ பணமோ கேட்க வழிசெய்கின்றன. இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்திடம் போக வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் எத்தனை முறை விட்டீர்கள், என்ன எழுதினார்கள், எத்தனை நாள் வண்டி அங்கே நின்றது என்பதுதான் கேள்வியாக வரும். ஜாப் கார்டு போடாமல், “சும்மா விட்டுட்டுப் போங்க, பார்த்து வைக்கிறோம்” என்று சொல்லும் நட்பான அட்வைசர் நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனால் அந்த முறை கணக்கில் வராது.

சமூக ஊடகத்தில் போட்டுக் கிழிப்பதைப் பற்றியும் கேட்பார்கள். கம்பெனிக்காரர்கள் சீக்கிரம் பதில் போடுவார்கள் என்பது உண்மை. பதில் போடுவது வேறு துறை, கியர்பாக்ஸுக்கு ஒப்புதல் தருவது வேறு துறை. புகார் எண் இருந்து அதற்குப் பதில் வராதபோது மட்டும் இதைச் செய்யலாம், ஆதாரத்தில் உள்ளதைத் தாண்டி ஒரு வார்த்தை எழுதாமல்.

எப்போது இந்த வரிசையை மீறலாம்

பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக், பெட்ரோல் வாடை, தீ வாடை என்றால் மேலே சொன்ன எந்த வரிசையும் வேண்டாம். வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட்டு, இழுத்துச் செல்லும் வண்டியைக் கேளுங்கள், அன்றே கம்பெனிக்கும் எழுதுங்கள். கூடவே சேஸிஸ் எண்ணைப் போட்டு ரீகால், அதாவது பாதுகாப்புக் குறைக்காகக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது, ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ரீகால் என்பது வாரண்டியிலிருந்து தனி, வாரண்டி முடிந்துபோன வண்டிக்கும் இலவசமாகச் செய்து தருவதே வழக்கம்.

மறுபக்கம், கதவு பேனலில் ஒரு கிளிப் ஆடுகிறது, அதை இரண்டு முறை மாட்டியும் சரியாக வரவில்லை என்றால், உங்கள் சனிக்கிழமைகளின் மதிப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியில் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு வைத்து முடித்துவிடலாம். எஞ்சின், கியர்பாக்ஸ், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஏசி கம்ப்ரஸர் போன்றவைக்கு மட்டும் கடைசி வரை போங்கள், வாரண்டி முடிந்தபின் அவைதான் பெரிய செலவு வைக்கும்.

வாரண்டி முடியும் தேதி நெருங்கினால் “அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்” என்ற பேச்சுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். பாகம் வரத் தாமதமானாலும் சரி, கூட்டம் அதிகமானாலும் சரி, தேதி முடிவதற்குள் அந்தக் குறை ஜாப் கார்டில் ஏறியிருக்க வேண்டும், நகல் உங்களிடம் இருக்க வேண்டும். தேதியையும் கிலோமீட்டரையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டில் எது முந்துகிறதோ அத்தோடு வாரண்டி முடிந்துவிடும். அதிகம் ஓட்டுகிறவர்களுக்குக் கிலோமீட்டர்தான் முதலில் வந்து நிற்கும்.